மரக்குழல் கேட்ட இரண்டாவது துடிப்பு

ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மரக்குழல் ஒன்று இருந்தது. கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பது அதன் வேலை.

ஸ்கேன் எடுத்துத் தானே கணித்துச் சொல்லும் புது இயந்திரம் வந்து இறங்கியதும் குழலுக்கு ஒரே வயிற்றெரிச்சல். “மூன்று மாதத்துக்கு இயந்திரம் சொல்வதை நர்ஸும் குழல் வைத்துச் சரிபார்க்க வேண்டும்” என்று டாக்டர் சொன்னது மட்டுமே ஆறுதல். இந்தப் புதியவன் எங்கே சறுக்கப்போகிறான் என்று குழல் காத்திருந்தது.

ஒருநாள் செங்கல் சூளையில் வேலைசெய்யும் கொளஞ்சி ஏழு மாத வயிற்றோடு முதல்முறையாக வந்தாள். இயந்திரம் உற்றுப் பார்த்தது.

“ஒரு குழந்தை தெரிகிறது. பின்னால் ஏதோ நிழல். அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள் அண்ணே.”

குழல் திகைத்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அதற்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை.

நர்ஸ் அற்புதமேரி குழலை இடப்பக்கம் வைத்தாள். ஒரு துடிப்பு. வலப்பக்கம் வைத்தாள். வேறு வேகத்தில் இன்னொன்று!

“தம்பி, ரெண்டுடா!” என்று குழல் தன்னை மறந்து கத்தியது.

“ரெட்டைப் புள்ளடி கொளஞ்சி!” என்று நர்ஸும் சிரித்தாள். டாக்டர் பார்த்து உறுதிசெய்து, அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அங்கே இரண்டும் நல்லபடியாகப் பிறந்தன.

தடுப்பூசி போட வந்த அன்று இரண்டும் சேர்ந்து வீறிட்டன.

“இதில் நான் பார்த்தவன் யார் அண்ணே?” என்றது இயந்திரம்.

“யாருக்குத் தெரியும்!” என்று குழல் வாய்விட்டுச் சிரித்தது.