காதில் ஒரு ஊசி

மனைவியின் கையை அடித்து முறித்ததற்காக நீதிமன்றம் தனசேகரின் காதில் ஒரு ஊசியைக் குத்தி அனுப்பியது. பழைய சீன வைத்தியத்தின் அக்குபஞ்சர் ஊசிதான். இப்போது அதுவே தண்டனை. கோபம் தலைதூக்கும் முன்பே அதை அடக்கிவிடும்; கூடவே வருத்தமும் மரத்துப்போகும்.

புஷ்பலீலா கொடுத்துவைத்தவள் என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டார்கள். அவளுக்கோ வயிறு எரிந்தது. கோணலாகக் கூடிய கையைக் காட்டி எவ்வளவு திட்டினாலும் அவனுக்கு உறைக்கவே இல்லை. "நீ சொன்னா சரிதாம்மா" என்று சிரித்தபடி காபியைக் குடிப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். கூட்டிப்போக வந்த அண்ணன் வாசலில் நின்றார்.

"நான் போறேன். இனி வரமாட்டேன்."

"போய்ட்டு வாம்மா" என்றான் தனசேகர், அதே சிரிப்போடு.

அவளால் பொறுக்க முடியவில்லை. அவன் காதிலிருந்த ஊசியை நகத்தால் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் கறுத்தது. நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுக் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். அண்ணன் பாய்ந்து அவனைச் சுவரோடு அழுத்திப் பிடித்தார்.

"இப்ப சொல்றேன், கேட்டுக்கோ. உன்னை விட்டுப் போறேன்" என்றாள்.

"எங்கடி போவ?" என்று அவன் கத்தினான். அப்புறம்தான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. "லீலா, என்னைத் தனியா விட்டுடாத" என்று குரல் உடைந்து அழுதான்.

அவள் கீழே இறங்கிப் போனாள். தெருவில் நின்று அந்த அழுகையை ஆசைதீரக் கேட்டபிறகுதான் ஆட்டோவில் ஏறினாள்.