ஓடாத மோட்டார்

"பாய், இந்த மோட்டாருக்கு அப்படி என்னதான் சீக்கு? பத்து நாளைக்குள்ள மூணாவது தடவையா வாரீக!"

சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துக்கொண்டிருந்த அல்லாபிச்சையிடம் அழகி படபடத்தாள்.

அல்லாபிச்சை காரைக்குடியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கோட்டையூர்ப் பக்கத்துக் கிணறுகளுக்குக் கரண்டு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. எந்த மோட்டார் நின்றாலும் அவரைத்தான் தேடி ஆள் வரும்.

"மோட்டாருக்குச் சீக்கு இல்ல மதினி. அண்ணனுக்குத்தான் மறதி" என்று சிரித்தார்.

அழகியின் கணவர் குழந்தைவேலு தலையைச் சொறிந்தார். முதல் தடவை, பம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பாமலே சுவிட்சைப் போட்டிருந்தார். பம்பு வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை, பீஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கரண்டு வரவில்லை என்று ஆள் அனுப்பியிருந்தார். அந்தக் கதையைச் சொல்லியே அல்லாபிச்சை டீக்கடையில் எல்லாரையும் சிரிக்க வைத்திருந்தார்.

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. எங்க கத்தரி வாடிக் கெடக்கு. அங்குட்டுப் பாருங்க, அவுக நெல்லு எப்படிப் பச்சைப்பசேல்னு நிக்குது!"

அழகி 'அவுக' என்றது குழந்தைவேலுவின் தம்பி மாயக்கண்ணன் வீட்டாரை. அண்ணன் தம்பிக்குப் பொதுவாக ஒரே கிணறு, ஆளுக்கொரு மோட்டார். ஒருநாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. வரப்புத் தகராறில் நின்றுபோன பேச்சு மூன்று வருடமாகியும் தொடங்கவில்லை. இந்தக் கோடையில் ஊற்றும் சுருங்கிவிட்டது. இன்று ஒருவர் இறைத்தால் நாளைக்கு அடுத்தவருக்குப் பாதி வயல்தான் நனையும்.

"எங்க முறை வந்தா மோட்டார் நிக்குது. மறுநாள் முழுத் தண்ணியும் அவுகளுக்குப் போகுது. எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு பாய்."

"மொதல்ல பாத்துருவோம், இருங்க."

இருவரும் பின்னால் வர, அல்லாபிச்சை மோட்டார் ரூமுக்குள் போய்ச் சுவிட்சைப் போட்டார். மோட்டார் சத்தமாகவே ஓடியது. ஆனால் குழாயில் நூல் மாதிரிதான் தண்ணீர் வந்தது. குனிந்து பார்த்தவருக்குப் புரிந்துவிட்டது. மோட்டார் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு மூடியைத் திறந்தார். மூன்று ஒயரில் இரண்டு இடம் மாறியிருந்தன.

அவர் சிரிப்பு நின்றது. "இது தானா நடக்காதே..." என்று முணுமுணுத்தார்.

அழகிக்கு அது போதுமாக இருந்தது.

"கேட்டீகளா? நான் அப்பவே சொன்னேன்ல, அந்த வீட்டு ஆளுக வேலைதான்! இன்னைக்கு இதை விடப்போறதில்ல. பிரசிடெண்டு வீட்டுல நாலு பேரை வச்சுக் கேக்குறேன். பாய், நீங்க வந்து சாட்சி சொல்லணும்!"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மோட்டார் ரூமைவிட்டு இறங்கி விறுவிறுவென்று நடந்தாள்.

அல்லாபிச்சைக்கும் கோபம் வந்தது. "வாங்கண்ணே, போவோம். கரண்டு என்ன வெளையாட்டுச் சாமானா? தெரியாம தொட்டிருந்தா உசுரு போயிருக்கும். யாருன்னு கேட்டே ஆகணும்."

குழந்தைவேலு அவர் கையை இறுகப் பிடித்தார்.

"போகாதீக பாய். மெயினை அமத்திட்டுத்தான் மாத்துனேன்."

"என்னது?"

"எல்லாமே நான் வேணும்னு செஞ்சதுதான். தம்பி நெல்லு பால் புடிக்கிற நேரம். என் முறையையும் எடுத்துக்கடான்னு சொன்னா, செத்தாலும் வாங்க மாட்டான். எங்க மோட்டார் கெட்டுக் கெடக்குன்னாத்தான் எறைப்பான்."

"உங்க கத்தரி?"

"அது போனா வேற செடி வச்சுக்கலாம். அந்த நெல்லு போனா அவன் புள்ளைக என்னத்தத் திங்கும்?"

அல்லாபிச்சை மோட்டார் மூடியைத் திரும்ப மாட்டினார். பிறகு ரூமுக்கு வெளியே வந்து, வரப்பில் பாதித் தூரம் போய்விட்ட அழகியைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"மதினி, திரும்பி வாங்க! யாரும் தொடல. போன தடவை நான்தான் ஒயரைச் சரியா முடுக்காம விட்டுட்டேன், காயில் கருகிப் போச்சு. மோட்டாரைக் கடைக்குத் தூக்கிட்டுப் போறேன், சரிபண்ண எப்படியும் பதினஞ்சு நாளாகும்!"