மூன்று முறை தள்ளிப்போன தேதி

பல் டாக்டரம்மா விளக்கை இழுத்துக் கொழுந்தனின் வாய்க்கு நேராக வைத்ததும், அண்ணி தன் ஸ்டூலை இன்னும் ஓரடி முன்னால் நகர்த்திக்கொண்டாள்.

அவள் துணைக்கு வரவில்லை. வேவு பார்க்க வந்திருந்தாள்.

அவள் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி ஒன்றரை வருடம். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்று தம்பிக்காரன், இந்த லாரி மெக்கானிக், தானாகவே வந்து சொன்னான். பொருத்தமெல்லாம் சரியாக இருந்தது.

ஆபரேஷன் தேதிதான் மூன்று முறை தள்ளிப்போனது.

மூன்று முறையும் ஒரே காரணம். அவன் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அதிகம், சிவப்பணுக்கள் குறைவு. உடம்பில் எங்கேயோ கிருமி ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் கத்தி வைக்க மாட்டோம் என்றார்கள். நெஞ்சைப் பார்த்தார்கள், வயிற்றைப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை.

அவளுக்கு அகப்பட்டுவிட்டது. இவன் நழுவுகிறான்.

பின்னலாடைக் கம்பெனியில் இருபது வருடமாகத் தரம் பார்க்கிறவள் அவள். ஒரு தையல் பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, மூன்று வேளையும் வெளுத்துக்கட்டுகிறான், ரத்தம் மட்டும் எப்படிக் கெடும்? பரிசோதனைக்கு முந்தின நாள் எதையோ விழுங்கிவிட்டுப் போகிறான் என்று அவளாகவே முடிவுகட்டியிருந்தாள். பெண்டாட்டி ஓதியிருப்பாள். பச்சைக் குழந்தைக்காரி, அவள் பயம் அவளுக்கு.

கடைசியில் பல்லையும் காட்டிவிட்டு வரச் சொன்னார்கள்.

"நான் போய்க்கிறேன் அண்ணி, உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?" என்றான். அதற்காகவே அவள் லீவு போட்டாள். அவன் பட்டறைக்கு அடுத்த தெருவிலேயே கிளினிக் இருந்தது. படியேறும்போது, வேறு எங்காவது போகலாமே என்று இழுத்தான்.

அந்த இழுப்பை அவள் மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா மெல்லிய கம்பியால் ஈறைத் தொட்டார். தொட்ட இடமெல்லாம் ரத்தம். விரலால் அழுத்தியதும் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலிருந்து சீழ் வந்தது. கீழ்வரிசை முழுக்க அப்படித்தான்.

நாற்றம் ஸ்டூல் வரைக்கும் வந்தது.

"இதுல வலி பெருசா இருக்காதும்மா, அதனால விட்டுடுவாங்க. ஆனா சீழ் நின்னுக்கிட்டே இருந்தா, அதை எதிர்க்க உடம்பு வெள்ளை அணுவைக் கூட்டிக்கிட்டே போகும். நாள்பட்டா சிவப்பணுவும் குறையலாம். ஈறைச் சுத்தம் பண்ணினா பெரும்பாலும் பழையபடி ஆயிடும்."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. என்னவெல்லாம் பேசியிருக்கிறாள்! உங்க தம்பி உங்களை ஏமாத்துறான் என்று கணவரிடமே எத்தனை நாள் பொருமியிருக்கிறாள்.

டாக்டரம்மா அவன் வாயில் பஞ்சை வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, கம்ப்யூட்டரில் அவன் செல்போன் எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"ஏழு மாசம் முன்னாடியே வந்திருக்கீங்களே. அப்பவும் இதையேதானே சொன்னேன்?"

கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஏழு மாதம்! தெரிந்தே விட்டிருக்கிறான். அங்கே ஒரு மனிதர் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவன் சீழை வாய்க்குள் வைத்து வளர்த்திருக்கிறான். அவள் சந்தேகம் ஒரு நூல்கூடத் தப்பவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை அவள் நுனிநாக்கு வரை வந்துவிட்டது.

"இப்ப ஞாபகம் வருது," என்று டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "கூட இவரோட அண்ணன் வந்திருந்தார். டயாலிசிஸ் பண்ணிக்கிறவர். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். இதைச் சரி பண்ணிட்டா தம்பியை ஆபரேஷனுக்கு எடுத்துக்குவாங்களான்னு. ஆமான்னேன். உடனே தம்பி கையைப் பிடிச்சு எழுப்பிக் கூட்டிட்டுப் போயிட்டார்."

நுனிநாக்கு வரை வந்த வார்த்தையை அவள் விழுங்கிக்கொண்டாள்.

"ஈறைச் சரி பண்ணிக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார் அண்ணி," என்றான் கொழுந்தன், பஞ்சுக்கு நடுவே. "பாப்பா பொறந்த வாரம்."

அவள் எழுந்தாள். அவன் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"நீ என்ன சொல்றே? அண்ணனுக்குத் தர்றது உன் மனசுக்குச் சரின்னா மட்டும் சொல்லு."

அவன் பஞ்சைத் துப்பிவிட்டு வாயைத் திறந்து காட்டினான்.

"இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க டாக்டர்," என்றாள் அவள். "அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம்."