அம்மா போட்ட டிக்கெட்

கண்ணெதிரில்தான் கதவைச் சாத்தினார்கள்.

வக்கீல் ஓடி வந்த வேகத்தில் கண்ணாடியில் மோதாத குறை. ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில். நகரும் படிக்கட்டில் வார் அறுந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது.

"திறங்க சார். அதோ நிக்குதே, திறங்க!"

கவுண்டரில் இருந்த பெரியவர் தலையை ஆட்டினார். கதவு சாத்திய பிறகு திறக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார்.

அதிகாரம் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. குடும்ப நீதிமன்றத்தில் குரலை உயர்த்தாமலே எதிர்த்தரப்பு சாட்சிகளைத் தண்ணீர் குடிக்க வைக்கிறவள். இங்கே உயர்த்தினாள்.

முதல் விமானம் நேரத்துக்குத்தான் இறங்கியது. அதில் குற்றம் சொல்ல வழியில்லை. இறங்கியதும் ஒரு பேருந்து. அது மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஊர்ந்தது. பிறகு டெர்மினல் மாற ஒரு ரயில். பிறகு, ஏற்கெனவே சோதித்து அனுப்பிய ஆளையே மறுபடியும் சோதனை. வளையலைக் கழற்று, தண்ணீரைக் கொட்டு, பையைத் திற. வரிசையில் அவள் கெஞ்சாத ஆளில்லை. முன்னால் நின்ற ஒரு குடும்பம் குழந்தையின் தள்ளுவண்டியை மடக்கத் தெரியாமல் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

"இது என்ன விமான நிலையமா, ஓட்டப்பந்தயமா? மாற முடியாத விமானத்துக்கு எதுக்கு டிக்கெட் விக்கிறீங்க?"

உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் படம்பிடிக்கப் போனார். அவள் பார்த்த பார்வையில் கை தானாகக் கீழே இறங்கியது.

அடுத்த விமானம் நாளைக் காலையில்தான் என்றார் பெரியவர்.

"நாளைக்குப் போய் நான் என்ன பண்றது? எங்கம்மாவை இன்னைக்கே பார்த்தாகணும்!"

குரல் உடைந்துவிட்டது. அதை அவளே எதிர்பார்க்கவில்லை.

பெரியவர் முகம் மாறியது. "அம்மாவுக்கு ரொம்ப முடியலையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கூண்டில் வேறு யாராவது இப்படி வாயடைத்து நின்றிருந்தால் அவள் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

அவர் உடனே உள்ளே யாரிடமோ போனில் பேசினார். ஒரு தாயின் விஷயம் என்றார். மன்றாடினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே விமானம் மெல்லப் பின்வாங்கி, திரும்பி, போய்விட்டது.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். அவள் நீட்டிய டிக்கெட்டை வாங்கிப் பார்த்தவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"இது நாங்க சேர்த்துக் குடுத்த டிக்கெட் இல்லைம்மா. ரெண்டையும் தனித்தனியா வாங்கியிருக்காங்க. இந்த நேரத்துக்குள்ள இங்க டெர்மினல் மாற யாராலயும் முடியாது. யாரு போட்டுக் குடுத்தா?"

அவள் டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

போட்டுக் கொடுத்தது அம்மா. விமான டிக்கெட் அலுவலகத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இன்றைக்கும் சொந்தத்தில் யார் வெளிநாடு போனாலும் அம்மாவைக் கேட்டுத்தான் போவார்கள். நடுவில் இடைவெளி குறைவாக இருந்தால், மூச்சு விட நேரம் வேண்டாமா என்று திட்டித் திருப்பி அனுப்புவாள். எந்த விமான நிலையத்தில் எங்கே ரயில், எங்கே சோதனை என்று அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். உனக்கு எதுக்கு அலைச்சல், நானே போட்டு அனுப்புறேன் என்று போன வாரம் அவளாகத்தான் சொன்னாள்.

கைப்பேசி அடித்தது. அம்மாதான்.

"விட்டுட்டியா? ஓடியிருப்பியே, முதல்ல தண்ணி குடி. நாளைக் காலை விமானத்துல உனக்கு ஜன்னலோரமா சீட்டு போட்டு வச்சிருக்கேன். நாங்க ரெண்டு பேருமா வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறோம்."

நாங்க ரெண்டு பேருமா.

அப்பா போன பிறகு அம்மா தனியாகத்தான் இருந்தாள். இன்று மாலை பதிவு அலுவலகத்தில் அவளும், தெருமுனையில் இருக்கும் அந்தப் பல் டாக்டரும் மாலை மாற்றிக் கையெழுத்துப் போடுகிறார்கள். இந்த வயசில் என்ன கூத்து, நேரில் போய் நின்று நிறுத்திக் காட்டுகிறேன் என்று சித்தி, மாமா, அத்தை ஒருவர் விடாமல் சொல்லிவிட்டுத்தான் மகள் கிளம்பியிருந்தாள்.

"அம்மா, நீ வேணும்னேதானே..."

"புடவை கட்டி விட ஆள் வந்தாச்சு, அப்புறம் பேசறேன்" என்று அம்மா வைத்துவிட்டாள். குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. அப்பா போன பிறகு மகள் அதைக் கேட்டதே இல்லை.

பெரியவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

அவள் பல்லைக் கடித்தாள்.

"நல்லா இருக்காங்க. ரொம்ப நல்லா இருக்காங்க."

அவர் கையெடுத்து மேலே கும்பிட்டார். அவர் கண்ணில் நீர் தளும்பியதைப் பார்த்தபோது, அவர் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.