கருவாடில்லாத இரண்டு வருஷம்

“இன்னிக்கும் முருங்கைக்கீரையா? ஒரு துண்டு கருவாடு போட்டா செத்துட மாட்டேன்லா!”

பரஞ்சோதி தட்டைப் பார்த்து முனகினான். அவன் மனைவி நவமணி இன்னொரு கரண்டி கீரையை வைத்தாள்.

“பேசாம சாப்பிடுங்க.”

அவன் சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தான். “நீயும் இதையேதான் சாப்பிடணும். எதிரே உட்கார்ந்து நீ கருவாட்டைக் கடிச்சா எனக்கு ஆசை வந்துடும்.”

இரண்டு வருஷமாக இதே பேச்சுதான். அவளுக்குக் காய்ச்சலென்று சிடாம் கிரி ரப்பர் தோட்டத்திலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, டாக்டரிடம் பேசிவிட்டு வெளியே வந்த பரஞ்சோதியின் முகம் வெளுத்திருந்தது.

“உனக்கு வெறும் காய்ச்சல்தான். என்னையும் சோதிச்சாரு. எனக்குத்தான் நெஞ்சு சரியில்லையாம். உப்பு, நெய், தேங்காய்ப்பால், கொழுப்புக்கறி எதுவும் ஆகாதாம்.”

நவமணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அப்பாவும் அண்ணனும் நாற்பதைத் தொடாமலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். அன்றோடு கருவாட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் கம்பிவேலி ஓரமாகக் கீரையும் பாகற்கொடியும் போட்டாள். மெர்போக் ஆற்றிலிருந்து பச்சை மீன் வந்தால் மட்டும், உப்பைக் கிள்ளிப் போட்டுக் குழம்பு.

அது வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம். அரிசி அளந்துதான் கிடைத்தது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று, வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோக முடியாது. கேட்டில் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள்.

வெறும் வயிற்றோடு மரம் சீவும்போது, விடிகாலைப் பனியில் ரப்பர் மரங்கள் தரையைத் தொடாமல் மிதப்பதுபோல் இருக்கும். பால் சொட்டுகிற சத்தத்தில் நவமணிக்குக் கண் செருகும். அந்த அரைத்தூக்கத்தில் பரஞ்சோதி பனிக்குள் நடந்து நடந்து, தோள் கரைந்து, தலை கரைந்து, இல்லாமலே போவான்.

“ஏங்க!” என்று அலறுவாள்.

“இங்கதான் இருக்கேன்லா!” என்று அடுத்த மர நிரையிலிருந்து குரல் வரும். அப்புறம்தான் அவளுக்கு மூச்சு திரும்பும்.

தீபாவளிக்கு முந்தின வாரம், தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த, வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் மணியத்திடம் போய் நின்றாள்.

“ஐயா, வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு நாள் ஆட்டுக்கறி கொடுக்கலாமா? ரெண்டு வருஷமா வாயைக் கட்டிக்கிட்டு இருக்காரு, பாவம்.”

மணியம் இருவர் பேரையும் கேட்டார். டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த பழைய சீட்டுகளைப் புரட்டி, ஒன்றை எடுத்து மெதுவாகப் படித்தார். பிறகு அவளை உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார்.

“நல்லா இறங்கியிருக்கு. நடந்தா மூச்சு வாங்குதா?”

“முந்தி வாங்கும். இப்ப இல்ல. என்னை விடுங்கய்யா, அவரு நெஞ்சைச் சொல்லுங்க.”

“அவருக்கு ஒன்னுமே இல்லம்மா, தாராளமா கறி போடுங்க” என்றார் மணியம். “இந்த நெஞ்சுச் சீட்டு உங்க பேர்ல இருக்கு, ‘அவகிட்ட சொன்னா பயத்துலயே போயிடுவா, சாப்பாட்டை நான் பார்த்துக்கிறேன்’னு உங்க வீட்டுக்காரர் கெஞ்சினதையும் டாக்டர் கீழே எழுதி வச்சிருக்காரு.”