நடு அறை

தலைமன்னாரில் கடலைப் பார்த்த விடுதியின் வரவேற்பு மேசையில் பின்னேர வெயில் விழுந்து கிடக்கிறது. வெளியே வேலி நிழலில் இரண்டு கழுதைகள் அசையாமல் நிற்கின்றன. அன்ரோனெற் கதிரை நுனியில் இருந்து லேஞ்சியால் கழுத்தைத் துடைக்கிறாள். அம்மாவின் ஆண்டுத் திருப்பலிக்கு பிரான்சிலிருந்து பெரியண்ணன் றெனால்டும் கனடாவிலிருந்து சின்னண்ணன் கிறகரியும் குடும்பத்தோடு வருகிறார்கள். பூசை முடிந்த பிறகு ஒரு கிழமை இங்கேதான் விடுமுறை. “கடல் பக்கம் மூண்டு அறைதான் மிச்சம் அக்கா, வரிசையா இருக்கு,” என்கிறான் விடுதியைப் பார்க்கும் அஸ்மி. இரண்டு அண்ணன்மாருக்கும் கடல் தெரிய வேண்டும். ஒருவரின் இருமல் மற்றவருக்குக் கேட்கக் கூடாது. போன வருடம் அம்மாவின் மரண அறிவித்தலில் பெரியண்ணனின் பெயருக்கு முன்னால் சின்னண்ணனின் பெயர் வந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. தம்பிதான் வரிசையை மாற்றிக் கொடுத்தார் என்று பெரியண்ணன் இன்னும் நம்புகிறார். அழுகைக்கு நடுவே அந்தப் பெயர்களைப் பத்திரிகைக்குத் தொலைபேசியில் சொன்னவள் அன்ரோனெற். அதை அவள் இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. “ரெண்டு ஓர அறையும் அண்ணன்மாருக்கு. அப்ப நடு அறை?” என்று கேட்கிறான் அஸ்மி. “அதில நான் படுக்கிறன்.” “உங்கட வீடு இங்க பக்கத்தில, பேசாலையிலதானே அக்கா?” “ஓம்.” அஸ்மி மூன்று வரியுள்ள படிவத்தை இழுத்துப் பேனையைத் திறக்கிறான். “முதல்ல ஆரின்ர பேரைப் போட?” மேசை விசிறி தாளின் மூலையைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. அவள் பேனையை வாங்கி, நடு வரியில் தன் பெயரை மட்டும் எழுதுகிறாள். “மேலையும் கீழையும் வெறுமையாக் கிடக்கட்டும் தம்பி. அவையள் வந்து எழுதுவினம்.”