சத்தம் காட்டாதீங்க

"மூச்சு விட்டீங்க, தோலை உரிச்சிடுவேன்!" என்று மகன்கள் இருவரையும் மெல்லிய குரலில் மிரட்டினான் லாரி டிரைவர். நேற்றுதான் வெளியூர் ஓட்டம் முடிந்து வந்திருந்தான். நாளை மனைவி மறுபடி வேலைக்குப் போக வேண்டும். இன்று ஒரு மணி நேரமாவது தூங்கட்டும் என்று கைக்குழந்தையை வாங்கிக்கொண்டான்.

டிவியை அணைத்தான். ஜன்னலைச் சாத்தினான். மின்விசிறியையும் நிறுத்தினான். குழந்தை தொண்டை கிழியக் கத்தியது.

"நாங்க பேசவே இல்லப்பா!" என்றான் பெரியவன்.

மனைவி எழுந்து வந்தாள். "எந்தப் புண்ணியவான் வீட்டை இப்படி அடக்கி வச்சது? டேய், ஆளுக்கொரு தட்டை எடுத்து அடிங்கடா!"

"பைத்தியமாடி உனக்கு?"

"ஒன்பது மாசமும் கல்லுடைக்கிற மெஷின் பக்கத்துலதானே இவளைச் சுமந்துக்கிட்டு நின்னேன்? சத்தம் நின்னா பயப்படுறா."

தட்டுகள் அதிர்ந்தன. குழந்தை கண்ணை மூடியது. பக்கத்தில் சாய்ந்த மனைவியும் குறட்டை விட்டாள்.